பதினோராவது கோரிக்கை

பாலத்தைப் பதினோராவதாக எழுதியது என் கைதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கோடு போட்ட தாள், நீல மை, "பொம்பளப் புள்ள கையெழுத்துன்னா இப்படி இருக்கோணும்" என்று வியாபாரிகள் சங்கத்தில் எல்லோரும் மெச்சிய எழுத்து. மொத்தம் பன்னிரண்டு கோரிக்கைகள். பதினோராவதாக, தரைப்பாலத்தை இடித்துவிட்டு உயர்மட்டப் பாலம் கட்டித் தர வேண்டும் என்று தப்பில்லாமல் எழுதினேன். எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. இடத்தில்தான் தப்பு.

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் எனக்கு ஒரு குச்சிக்கிழங்கு மண்டி இருக்கிறது. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்குக் குச்சிக்கிழங்கு. உள் ஊர்களில் பிடுங்குகிற கிழங்கு சின்ன வண்டிகளில் என் மண்டிக்கு வரும். இங்கே லாரியில் ஏற்றினால் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி, கீழே இருக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். கிழங்குக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை மகா பொறுமைசாலி. பிடுங்கிவிட்டால் இரண்டு நாள்தான் கெடு. அதற்குப் பிறகு உடைத்துப் பார்த்தால் உள்ளே நீல நரம்பு ஓடியிருக்கும். ஆலைக்காரர் ஒன்றே ஒன்றை உடைத்துப் பார்ப்பார், லாரியைத் திருப்பச் சொல்வார். எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது.

என் பிறந்த ஊர் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நிலத்தைப் பார்த்துவந்தவன் என் தம்பி. அவன், அவன் பெண்டாட்டி, அப்போது இரண்டு வயதான மகள். ஓடையைத் தாண்ட ஒரு தரைப்பாலம் போட்டிருக்கிறார்கள். பாலம் என்று பேர்தான், நாலு குழாயைப் படுக்கப் போட்டு மேலே சிமெண்டு பூசியிருப்பது. கோடையில் வண்டி ஜம்மென்று போகும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஓடும், பாலம் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியாது. ஆலைகள் மும்முரமாகக் கிழங்கு வாங்குவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். மழைக்கும் ஆலைக்காரருக்கும் ஏதோ உடன்படிக்கை இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

பட்டியல் எழுதுவதற்கு முந்தின வருஷம், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்ததை நம்பித் தம்பி பாதிக் காட்டுக் கிழங்கைப் பிடுங்கிவிட்டான். அன்று மத்தியானமே மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. நான் இக்கரையில் குடையோடு நிற்கிறேன். அவன் அக்கரையில் கிழங்குக் குவியலின் மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு நிற்கிறான். நடுவில் செம்மண் தண்ணீர். கத்தினாலும் கேட்காத இரைச்சல். அதனால் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே போனில் பேசிக்கொண்டோம். "அக்கா, உடைச்சுப் பாத்தேன்" என்றான். தண்ணீர் வடிந்து நான் அக்கரைக்குப் போனபோது குவியல் புளித்து நாறியது. பத்து மாதம் மண்ணில் கிடந்து வளர்ந்ததைக் குழி வெட்டித் திரும்ப மண்ணிலேயே போட்டு மூடினோம். அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மூடி முடித்தபிறகு தம்பி சொன்னான். "இன்னும் ஒரு வருசம் பாக்கறேன் அக்கா. பாலம் வரலீன்னா ஊட்டைப் பூட்டிட்டுக் கீழ கோழிப்பண்ணைக்குப் போயிருவோம். புருசன் பொண்டாட்டியா வந்தாத் தங்கறதுக்கு ரூம்பு தர்றாங்களாம்."

சொந்தமாகக் காடு வைத்திருக்கிறவன் அடுத்தவன் கொட்டகையில் முட்டை பொறுக்குவதா? "பாலம் வரும்டா. நான் கொண்டு வாரேன்" என்றேன். சட்டசபையே என் முந்தானையில் முடிந்து கிடப்பதுபோலச் சொன்னேன்.

அதற்கேற்றாற்போல் அடுத்த ஆவணியில் ஒரு சேதி வந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழு மலைக்கு வருகிறது, வியாபாரிகளின் குறைகளைக் கேட்கப் போகிறது, சங்கம் தன் கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சங்கத் தலைவர் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், என் வீட்டுக்காரர் வழியில் எனக்கு மாமா முறை. செயலாளர் நான். எழுதுகிற வேலையை வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் கட்டிய பதவி அது. மாமா போனில் சொன்னார். "கண்ணு, எது முக்கியமோ அதை முதல்ல எழுதி வரிசைப்படி கேக்கறாங்க. பன்னெண்டு நாட்டு ஆளுகளையும் வரச் சொல்லியிருக்கேன்."

எங்கள் மலையில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு கட்டு. சங்கத்தில் பன்னிரண்டு நாட்டு வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குறை. தேவனூர் நாட்டுக்காரருக்கு அன்னாசிப் பழச்சாறு எடுக்க ஒரு கூடம் வேண்டும். லாட்ஜ் வைத்திருப்பவருக்குச் சுற்றுலா வண்டிகள் நிற்க இடம் வேண்டும். இன்னொருவருக்கு மலை ஏறும் இடத்தில் ஒரு தோரணவாயில் வேண்டும். வாசல் இல்லாததால்தான் மலைக்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி. எல்லாம் நியாயம்தான், யாருடையதும் பொய்யில்லை. எது முதல் என்று கேட்டதும் கூட்டம் சந்தையாகிவிட்டது. மிளகு வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். சங்கம் அன்றோடு உடைந்துவிடும் என்றே நினைத்தேன்.

மாமாதான் கையைத் தூக்கினார். "ஏனுங்க, எதுக்குங்க சண்டை? வெத்தலை வரிசை இருக்குதில்ல, அப்படியே எழுதிரலாமுங்க" என்றார்.

கூட்டம் அப்படியே அடங்கியது. நாடுகள் கூடும் எந்தக் கூட்டத்திலும் வெற்றிலைத் தட்டு சுற்றும். எந்த நாட்டுக்கு முதலில் நீட்டுவது, அடுத்து யாருக்கு என்று ஒரு வரிசை உண்டு. யார் வைத்த வரிசை, எதற்காக வைத்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. என் பிறந்த நாட்டுக்குப் பதினோராவது இடம். ஆனால் ஒன்று. வெற்றிலை வாங்கியவர் உடனே வாயில் போட்டுவிட மாட்டார். கடைசி நாட்டுக்காரர் கைக்குப் போகும்வரை எல்லோரும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசிக்காரர் மடித்த பிறகுதான் முதல்காரரும் மடிப்பார். அதனால் பதினோராவதாக இருப்பது எங்களுக்கு ஒரு நாளும் தாழ்வாகப் பட்டதில்லை. முதலில் வாங்கியவரைவிட ஒரு வாய்கூட நாங்கள் பிந்தித் தின்றதில்லை.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாமா, கேக்க வர்றவங்க நம்ம ஊரு ஆளுங்க இல்லீங்க, முதல்ல இருக்கறதைத்தான் பாப்பாங்க" என்று ஒரு வார்த்தை. நான் பட்டதாரி, கீழே கல்லூரியில் படித்தவள், பந்திக்கு முந்து என்பது கீழ்நாட்டில் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவள். ஆனாலும் பேசவில்லை. பேசினால் பிறந்த வீட்டுக்கு இழுக்கிறாள் என்பார்களே என்ற பயம் பாதி. இன்னொரு பாதிதான் என்னைக் கொல்கிறது. எனக்கும் அந்த வரிசை சரி என்றே பட்டது. பன்னிரண்டும் ஒரே தாளில் இருக்கிறது, பன்னிரண்டையும் படித்துவிட்டுத்தானே எழுந்திருப்பார்கள் என்று நம்பினேன். சண்டை தீர்ந்த நிம்மதியில் டீ வந்தது. குடித்துவிட்டு எழுதினேன்.

குழு வந்த அன்று தம்பி விடிந்ததும் மண்டிக்கு வந்துவிட்டான். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கிழங்குச் செடி. அவர்கள் கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தான். "நம்மளது எத்தனாவதுக்கா?" என்று கேட்டான். பதினொன்று என்றேன். "அதானே நம்ம எடம்" என்று தலையாட்டினான். அவனுக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் வரவேண்டியவர்கள் மத்தியானம் வந்தார்கள். வளைவுகள் ஏறி வந்ததில் ஒருவருக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி காரிலேயே இருந்துவிட்டார். குழுத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். திட்டுவதற்குத் தோதான ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், மாலையைக் கழற்றி மாமாவுக்கே போட்டார், என் கையெழுத்தைப் பார்த்து "அச்சடிச்ச மாதிரி இருக்கேம்மா" என்றார்.

பிறகு படித்தார். ஒன்று, தோரணவாயில். இரண்டு, வண்டி நிறுத்தும் இடம். மூன்று, மலையில் அரசு நடத்தும் திருவிழாவை இன்னும் இரண்டு நாள் சேர்த்து நடத்துவது. மூன்றைப் பற்றியும் நின்று நிதானமாகக் கேள்வி கேட்டார். கூட இருந்த அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு தாளை மடித்தார்.

"முக்கியமானது எதுன்னு நீங்களே வரிசை போட்டுக் கொடுத்திருக்கீங்க. பல ஊர்ல இதைச் செய்ய மாட்டாங்க. முதல் மூணையும் நான் நேரடியா எடுத்துட்டுப் போறேன். மத்ததெல்லாம் கோப்பில இருக்கும்" என்றார். கூட்டம் கைதட்டியது.

என்ன நடந்துவிட்டது என்று புரிந்தபோது நான் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தேன். "ஐயா, பதினொன்னு. பதினொன்னை மட்டும் படிங்கய்யா" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் திரும்பத் தாளைப் பிரித்தார், படித்தார்.

"பாலம். சரி. ரொம்ப அவசரமாம்மா?"

"உயிர் போற அவசரமுங்கய்யா. இந்த ஐப்பசிக்குள்ள வழி கிடைக்கலீன்னா அந்த ஊரே காலியாயிரும்."

"இந்தப் பட்டியலை யார் எழுதினது?"

"நான்தானுங்க."

"அப்புறம் என்னம்மா? அவ்வளவு அவசரம்னா முதல்ல எழுதியிருப்பீங்களே" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

நான் வெற்றிலை வரிசையைச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த நாடு முதலில், எப்படிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, குழந்தை எதையாவது சொன்னால் சிரிப்போமே அந்த மாதிரி. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா என் முழங்கையைப் பிடித்து, "உக்காரு சாமி, சபையில வரிசையை மாத்திப் பேசறது நல்லாயில்ல" என்று காதருகே சொன்னார். நான் உட்காரவில்லை. "என்ற தம்பி இங்கதான் நிக்கறானுங்க, அவனைக் கேளுங்க" என்று பின்னால் கையைக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கிழங்குச் செடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவனை அப்படி எல்லோர் முன்னாலும் கூசவைத்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்கள் கிளம்பிவிட்டன. தம்பி டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமையே வேறு தாளில் பாலத்தை முதலில் எழுதி எடுத்துக்கொண்டு கீழே மனு வாங்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். வரிசையில் நின்று நின்று கால் மரத்துப்போனது. அங்கே இருந்த ஊழியர் பதிவைப் பார்த்துவிட்டு, சங்கத்தின் பட்டியல் ஏற்கெனவே மேலே போய்விட்டது, வரிசையை மாற்ற வேண்டுமானால் சங்கம் தீர்மானம் போட்டுத் தரவேண்டும் என்றார். தனி ஆளாகக் கொடுத்தால் அது தனி ஆள் மனுவாம், வரிசையில் எல்லாவற்றுக்கும் பின்னால் சேருமாம். சரி, தீர்மானம்தானே என்று மாமா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவர் மறு பேச்சில்லாமல் கூட்டம் கூட்டினார்.

பன்னிரண்டு நாட்டாரும் வந்தார்கள். பாலம் அவசியம் என்று பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். லாட்ஜ்காரர் கண் கலங்கினார், அவருக்கு அந்த ஊரில் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் யார் இடத்தை எடுத்து எங்களுக்குக் கொடுப்பது? "நான் விட்டுக் குடுத்துருவேனுங்க, ஊருக்குப் போய் என்ன சொல்லட்டும்? எடத்தை வித்துட்டு வந்துட்டான்னு நோம்பியில என்னைச் சேத்துவாங்களா?" என்று தோரணவாயில்காரர் கேட்டார். நோம்பி என்பது எங்கள் கோயில் திருவிழா. அதில் விலக்கிவைத்தால் மனுஷன் இருந்தும் இல்லாதவன். நான் அவர் காலில் விழுந்தேன். வயதில் பெரியவர், விழுந்ததில் தப்பில்லை என்று மற்றவர்கள் அதை ஆசீர்வாதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர் பதறி என்னைத் தூக்கிவிட்டு, அவரும் அழுதார். தீர்மானம் மட்டும் வரவில்லை.

இதைச் சொன்னால் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைப்பீர்கள். அந்த வாரமே அதே பன்னிரண்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு ஓடைக்கு வந்தார்கள். மாமா கடையிலிருந்து சிமெண்டு வந்தது. தோரணவாயில்காரர் தன் மகன்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கல் அடுக்கினார். மணல் மூட்டைகளை அடுக்கித் தரைப்பாலத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார்கள். ஒரு முழு நாள் உழைப்பைக் கேட்டால் கொடுக்கிறார்கள். பட்டியலில் ஒரு இடம் கேட்டால் அது அவர்கள் கையில் இல்லை. எனக்கு அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் நா எழவில்லை. ஐப்பசியின் முதல் பெரிய மழையில் மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போயின.

தம்பி அந்த வருஷம் விற்பதற்கென்று ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. காட்டில் தண்ணீர் தேங்கி, மண்ணுக்குள் பொறுமையாக இருக்கும் கிழங்கே தண்ணீர் குடித்து அழுகியது. நான் தினம் போன் செய்து, தண்ணீர் குறையும்டா, ரெண்டு நாள் பொறு என்பேன். "சரிக்கா" என்பான். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவே சொல்கிறான் என்று தெரியும். கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேரும் சோளக்காட்டில் என் மண்டி முன்னால் வந்து நின்றார்கள். இரண்டு பை, ஒரு பாய் மூட்டை, பெண்டாட்டி தோளில் தூங்குகிற குழந்தை. நாமக்கல் பஸ் கிளம்ப நேரமிருந்தது.

போகாதே என்ற சொல் வாய்வரை வந்தது. எதைக் காட்டிச் சொல்வது? "என்னைத் திட்டுடா. படிச்சவ, பேனா புடிச்சவ, வாய மூடிட்டு இருந்தேன்ல. நாலு வார்த்தை திட்டிட்டுப் போ" என்றேன்.

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"உன்னை எதுக்குக்கா திட்டோணும்? என்கிட்டக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன். நம்ம எடம் பதினொன்னுதானே" என்றான். பாய் மூட்டையை பஸ் மேலே போட்டுவிட்டு இறங்கி வந்து, "பாலம் வந்தா ஒரு போன் பண்ணு. அடுத்த பஸ்ஸுக்கே வந்துருவோம்" என்றான்.

"பண்றேன்" என்றேன். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகு மண்டிக்குள் போய்க் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, தராசில் நிறுக்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்கவே அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். கோழிகளுக்குச் சீக்கு வந்தது, மகள் பண்ணை முதலாளி வீட்டுப் பேச்சைப் பேசக் கற்றுக்கொண்டது, அறைக்குள் வீசும் நாற்றம் பழகிவிட்டது எல்லாம் சொல்வான். அவன் பின்னால் அக்கரையிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் இறங்கிவிட்டன என்று நானும் சொல்வேன். அவன் எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பயம், இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று. மூன்று வருஷமாகப் பாலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.